ஸ்டாக் லைட்டாத்தான் இருக்குங்க

நாலே முக்கால் கிலோவைத் தூக்கி நிற்க முடியவில்லை என்று அப்பாவிடம் நான் சொன்னபோது, அவர் வேலை முடிந்து வந்து வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காரிமங்கலத்தில் புளி மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. முப்பது வருடமாக அதே மண்டி, அதே முதுகு.

"எவ்ளோன்ன?"

"நாலே முக்கா கிலோப்பா."

"மூட்டையா?"

"துப்பாக்கிப்பா. கிளப்புல இருக்கிறது."

அப்பா தண்ணீரை உதறிவிட்டுத் துண்டை எடுத்தார். "சந்தையில ஒரு பூசணிக்கா வாங்குனாகூட அதுக்கு மேல இருக்குமேடா."

உள்ளேயிருந்து அம்மா, "அவனே முதுகு புடிச்சுக்கிட்டுக் கெடக்கறான். நீ வேற," என்றாள்.

அப்பா கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே புரிய ஒரு வருடம் ஆயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கடைசி வகுப்புவரை உட்கார்ந்திருந்த முதல் ஆள் நான். தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்தேன். காலையில் கொடுக்கும் சிற்றுண்டிக்காகத்தான் சேர்ந்தேன் என்று எழுதினால் யாரும் சிரிக்க வேண்டாம். அங்கேதான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டேன். எல்லாரும் குறி அட்டையின் ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது என்னுடைய ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அன்றைக்குப் பயிற்சி கொடுத்தவர் என் அட்டையைக் கழற்றி எடுத்துப்போய்த் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். படிப்பில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை.

போலீஸ் வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். ஓட்டத்துக்கும் கயிறு ஏறுவதற்கும் தயாரானேன். தயாராகிக்கொண்டே, விடுமுறை நாட்களில் தக்காளி லாரிக்கு லோடு ஏற்றப் போனேன். ஒரு காலையில் தக்காளி நிறைந்த கிரேட்டைத் தோளுக்கு ஏற்றும்போது இடுப்பில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. சோளத்தட்டு ஒடிகிற மாதிரி. அவ்வளவுதான். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆனால் இனிமேல் ஓட்டமும் கயிறும் உனக்கு இல்லை என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சீட்டில் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது சுடுவது மட்டும்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் குமாஸ்தா வேலைகள் வரும். அதற்கு மாநிலப் போட்டியில் குறைந்தபட்சப் புள்ளியை எடுத்த சான்றிதழ் வேண்டும். நாற்பது குண்டு, ஐம்பது நிமிடம், நானூறுக்கு முந்நூற்று ஐம்பத்திரண்டு. பயிற்சியில் நான் முந்நூற்று அறுபதைத் தாண்டியவன். ஆனால் அது இடுப்பு போவதற்கு முன்னால். வயது வரம்புக்கு அந்த ஒரு போட்டிதான் பாக்கி இருந்தது. அடுத்த வருடம் சான்றிதழ் வாங்கினால் சட்டம் போட்டு மாட்டிவைக்கலாம்.

இது காற்றுத் துப்பாக்கி. திருவிழாவில் பலூன் சுட வைத்திருப்பார்களே, அந்த இனம்தான். ஆனால் கனமும் நுணுக்கமும் வேறு. எங்கள் தெருவில் என் பெயரே பலூன்காரன் ஆகிவிட்டது. "என்ன பலூன்காரரே, அடுத்து எந்த ஊர்த் திருவிழா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

நின்றுகொண்டு சுட வேண்டும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, உடம்பைப் பின்னால் வளைத்து, துப்பாக்கியின் கனம் முழுவதையும் எலும்பின் மேல் இறக்க வேண்டும். கையில் பிடித்தால் கை நடுங்கும். எலும்பில் இறக்கினால் நிற்கும். அந்தக் கனம் எலும்பு வழியாகப் போய்ச் சேரும் இடம்தான் எனக்கு உடைந்திருந்தது. பத்துக் குண்டுக்குள் இடது தொடை மரத்துப்போகும். இருபதில் பாதம் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் கிளப் இருந்தது. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். அவரை நாங்கள் சார் என்று மட்டும் கூப்பிடுவோம். மூன்று வாரம் நான் சுடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்.

"உன் கண்ணுல கோளாறு இல்ல. விரல்ல கோளாறு இல்ல. இந்தத் துப்பாக்கி உன்னைக் கொல்லுது."

"என்ன சார் பண்றது?"

"ஒரு கிலோ குறையணும். பேரல் எல்லாத்துலயும் ஒரே கனம்தான். கனம் முழுக்க இந்தக் கட்டையில இருக்கு." அவர் கன்னம் வைக்கும் இடத்தையும் தோளில் பதியும் இடத்தையும் தட்டிக் காட்டினார். "ஸ்டாக். இது மரம். கருப்பா பிளாஸ்டிக் மாதிரி வருது பாரு, அது வாங்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கனமானது தானா நிக்கும். லேசானது உன் நாடித் துடிப்பக்கூட அட்டையில எழுதிக் காட்டும்."

"எது சார் பரவால்ல?"

"உனக்கு முதுகா, புள்ளியான்னு நீதான் சொல்லணும்," என்றார்.

நான் லேசானதையே தேர்ந்தெடுத்தேன். வேறு எதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று தெரியவில்லை. முப்பதாவது குண்டுக்கு முன்னால் கீழே விழுகிறவனுக்கு நிலையான துப்பாக்கி எதற்கு?

துப்பாக்கிக்குப் பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எங்களால் ஒரே ஒரு முறைதான் வாங்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வெளியூரில் ஒரு கடையின் எண் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். கருப்புக் கட்டை, வெள்ளிக் குழல், பார்க்கவே காற்றுப்போல இருந்தது. ஆதார் நகலும் வயதுச் சான்றும் அனுப்பினால் பார்சலில் வந்துவிடும் என்றார்கள். நேரில் போய் எடுத்துப் பார்க்கலாம்தான். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு நாள் படுக்க வேண்டும். போனில் பேசிவிடலாம் என்று நினைத்தேன். நான் படித்தவன் இல்லையா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

"சார், அந்த ஏர் ரைபிள் விஷயமா பேசியிருந்தேன். ஸ்டாக் லைட்டா இருக்குங்களா?"

"ஆமாங்க. ஸ்டாக் லைட்டாத்தான் இருக்கு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சார். லைட்டாத்தானே?"

"பாத்துட்டுதாங்க சொல்றேன். ரொம்ப லைட்டாத்தான் இருக்கு. வேணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க."

போனைக் கையால் மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அப்பா முகத்திலும் பரபரப்பு.

"கொஞ்சந்தான் இருக்குதாமே. சொல்லிடு, சொல்லிடு. வுட்டுடாத," என்றார்.

என் அப்பா முதல்முறையாக என் கனக் கணக்கைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் ஆர்டர் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பார்சல் வர ஆறு நாள் ஆயிற்று. போட்டிக்குப் பதினைந்து நாள் இருந்தது. தர்மபுரி பார்சல் ஆபீசிலிருந்து அப்பாவே பெட்டியைத் தோளில் வைத்து பஸ் ஏறிக் கொண்டுவந்தார். கட்டிலில் இறக்கியதும், "இதென்ன லேசா இல்லியே," என்றார். பெட்டியின் கனமாக இருக்கும் என்றேன். டேப்பை வெட்டி, தெர்மாகோலை எடுத்தேன்.

மரம். வார்னிஷ் அடித்த, பழுப்பு நிற, கனத்த மரம்.

தூக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல், பழைய சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மளிகைக்கடைத் தராசுக்குப் போனேன். கடைக்காரர் சாக்குக்குக் கழித்துக்கொண்டு சொன்னார்: "நாலு தொள்ளாயிரத்து அம்பது." கிளப் துப்பாக்கியைவிட இருநூறு கிராம் கூட.

அங்கிருந்தே துப்பாக்கிக் கடைக்குப் போன் செய்தேன்.

"நீங்கதான சார் லைட்டா இருக்குன்னு சொன்னீங்க? ரெண்டு தடவை கேட்டனே."

"ஆமாங்க. லைட்டாத்தான் இருந்துச்சு. மொத்தமே ரெண்டு பீஸ்தான். ஒண்ணு உங்களுக்கு அனுப்பிட்டேன்."

"பீஸ் இல்ல சார். ஸ்டாக்கு. கட்டை, கட்டை. கருப்புக் கட்டை."

அவர் மெதுவாகச் சொன்னார். "ஐயோ, நீங்க அந்த ஸ்டாக்கைக் கேட்டீங்களா? நான் கடையில எவ்ளோ ஸ்டாக் இருக்குன்னு கேக்கறீங்கன்னுல்ல நெனச்சேன். கருப்பு போயி ஆறு மாசம் ஆச்சுங்க தம்பி. படம் சும்மா மாடலுக்கு அனுப்பறது. இனிமே வெளிநாட்டுலருந்து வந்தாத்தான்."

"மாத்தித் தருவீங்களா?"

"மாத்தறதுக்கு என்கிட்ட மரந்தானே இருக்குது," என்றார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"நான்தான் அப்பவே சொன்னனே, கொஞ்சந்தான் இருக்குதுன்னு."

"நீ கனத்தைச் சொல்றேன்னு நெனச்சேன்ப்பா."

"கனத்தை நான் ஏண்டா சொல்லப்போறேன்? மண்டியில தெனமும் அதான பேச்சு. ஸ்டாக் இருக்குது, ஸ்டாக் இல்ல, ஸ்டாக் லைட்டா இருக்குதுன்னு. ஸ்டாக்குன்னா மூட்டை. லைட்டான்னா கொஞ்சம்." அப்பா நிறுத்திவிட்டு, தயக்கத்தோடு கேட்டார். "வேற என்னா?"

அப்பா சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். கைநாட்டு வைக்கும் அப்பாவுக்குப் புரிந்தது, பட்டம் வாங்கிய எனக்குப் புரியவில்லை. கட்டை கனமா லேசா என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் விஷயம். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கடைக்காரரிடம் கட்டை என்று சொன்னால் பட்டிக்காட்டான் என்று நினைப்பாரோ என்று இருந்தது. எழுதும்போது காது சூடாகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

அம்மா, "இப்ப என்னா பண்ணுவ?" என்றாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

என்னோடு பள்ளியில் படித்து ஒன்பதாவதில் நின்றுபோன ஒருவன் கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தான். மறுநாள் அவனிடம் கொண்டுபோனேன். துப்பாக்கியின் இரும்பைக் கழற்றிவிட்டு மரத்தை மட்டும் அவன் மேசைமேல் வைத்தேன். இதை வெட்டு என்றேன்.

"புதுசுடா இது."

"தெரியும்."

"வெட்டிட்டா ஒட்ட முடியாது. அப்பறம் வந்து என் சட்டையப் புடிக்கக் கூடாது."

"வெட்டு."

அவன் பென்சிலால் கோடு போட்டான். நான் சாரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பின்னால் இருந்து மட்டும் எடுத்தால் துப்பாக்கியின் மூக்குக் கனத்துத் தொங்கும், முன்னாலும் எடுக்க வேண்டும், பிடியைத் தொடவே கூடாது. தோள் பக்கம் நடுவில் ஒரு ஜன்னல்போலக் குடைந்தான். முன்பக்கத்தை இழைத்து இழைத்து மெலியவைத்தான். மரத்தூள் விழ விழ நான் அதை ஒரு பையில் அள்ளித் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடித்தவன் செய்கிற வேலைதான். "கால் கிலோ," "அரைக் கிலோ" என்று நான் சொல்ல, அவன், "டேய், தூளைத் திரும்பக் கொண்டுபோயித் துப்பாக்கியில கொட்டிடாத," என்றான். அன்று முழுவதிலும் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

முடித்தபோது நாலு கிலோ நூறு. இதற்கு மேல் எடுத்தால் உடைந்துவிடும் என்றான். பார்ப்பதற்குக் கறையான் தின்ற கதவுச்சட்டம் மாதிரி இருந்தது.

பதின்மூன்று நாள் பயிற்சி. சார் சொன்னது நடந்தது. கனம் குறைந்ததும் முதுகு பத்து நிமிடம் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் துப்பாக்கி நிற்கவில்லை. வட்டத்தின் நடுவில் வந்து நிற்க வேண்டிய முனை, நான் விழுங்கும் எச்சிலுக்கெல்லாம் ஆடியது. முன்பெல்லாம் தூக்கி ஏழு எட்டு நொடியில் சுட்டுவிடுவேன். இப்போது இருபது நொடி காத்திருந்து, வராமல், இறக்கிவைத்து, மறுபடி தூக்குவேன். ஒரு குண்டுக்கு மூன்று முறை தூக்கினால், லேசாக்கி என்ன பயன்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முயன்றேன். சாரும் அதைப் பேசவில்லை. முந்நூற்று நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து, ஐம்பத்தொன்று. ஒருமுறை மட்டும் ஐம்பத்து நாலு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போட்டிக்குப் போனேன்.

அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. "பெட்டியை யார் தூக்குவா?" என்றார். அவ்வளவுதான். மண்டியில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வேலையை விட்டு அவர் வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மைதானம்வரை துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் துப்பாக்கிப் பெட்டியை வைத்து நடந்தார். காரில் வந்து இறங்கிய பையன்கள் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்தான். நான் அப்பாவோடு ஒட்டி நடந்தேன்.

ஆயுதங்களைச் சோதிக்கும் மேசையில் இருந்தவர் என் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"பட்டறையில சார்."

"எந்தக் கம்பெனி பட்டறை?"

"கதவு ஜன்னல் பட்டறை சார்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆனால் அளவு எல்லாம் விதிக்குள் இருந்தது. சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

முதல் பத்து, தொண்ணூற்று இரண்டு. என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை. எத்தனை குண்டு, எத்தனை புள்ளி, எவ்வளவு நேரம் மிச்சம் என்று அதில் தெரியும். கயிற்றுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண் தெரியும். மூட்டை எண்ணுகிறவர் ஆயிற்றே.

இரண்டாவது பத்து, எண்பத்தொன்பது. தொடை மரத்துவிட்டது. மூன்றாவது பத்தில் நான் காத்திருக்க ஆரம்பித்தேன். தூக்குவேன், முனை ஆடும், நிற்கும் நிற்கும் என்று மூச்சைப் பிடித்திருப்பேன், நிற்காது, இறக்குவேன். இருபத்தாறாவது குண்டுக்கு ஐந்து முறை தூக்கினேன். இடையில் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். வலி இல்லை. வலி இருந்திருந்தால் பரவாயில்லை. இடது கால் என்னுடையதாகவே இல்லை, அதுதான். எண்பத்தொன்பது.

கடைசிப் பத்துக்குப் பதினோரு நிமிடம் இருந்தது. போதும் என்று நினைத்தேன். அவசரப்பட்டு ஒன்றைச் சுட்டேன், எட்டு. பயந்துபோய் அடுத்ததற்குக் காத்திருந்தேன், பத்து. இப்படியே மாறி மாறி. திரையில் முப்பத்தெட்டு, முந்நூற்று நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு நொடி என்று காட்டியது. பதினோரு புள்ளி வேண்டும். இரண்டு குண்டு இருக்கிறது. இரண்டு ஆறு போட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் எனக்கு ஆறு விழும்.

குண்டைப் போட்டேன். தூக்கினேன். கால் மடங்கியது. விழவில்லை, துப்பாக்கியை இறக்கி மேசையில் ஊன்றிக்கொண்டேன். மறுபடி தூக்கினேன். முனை கருப்பு வட்டத்துக்குள் வந்தது, போனது, வந்தது. இப்போது சுடு என்று உள்ளே யாரோ சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நான் காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஸ்டாப்," என்றது ஒலிபெருக்கி.

விரலை எடுத்தேன். நடுவர் ஒருவர் வந்து, "குண்டை வெளியே எடுங்க," என்றார். என் கை அதைச் செய்யவில்லை. அப்போது பக்கத்தில் அப்பாவின் குரல் கேட்டது. அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்திருந்தார்.

"சார், இன்னும் ரெண்டு இருக்குதுங்க சார்."

"டைம் முடிஞ்சுதுங்க பெரியவரே. நீங்க உள்ள வரக்கூடாது."

"ரெண்டே ரெண்டுதாங்க. நாப்பது கணக்குங்க, முப்பத்தெட்டுதான் ஆயிருக்குது. போட்டுட்டு வந்துருவான் சார்."

"விதி அப்படி இல்லீங்க."

"அவனுக்கு இடுப்பு செரியில்லீங்க சார். லோடு தூக்கிப் போனதுங்க. நெனச்சா நிமிஷத்துல போட்டுருவான். கொஞ்சம் மனசு வையுங்க சார்." அப்பா நடுவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார். முப்பது வருடம் மூட்டை பிடித்த கை அது. நடுவரால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. வரிசையில் இருந்த எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். விதி எனக்குத் தெரியும். படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். போதும் விடுப்பா, வா போகலாம் என்று சொல்லத்தான் அவர் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தபோது நானும் நடுவரைப் பார்த்து, "ரெண்டே ரெண்டு சார்," என்றேன்.